பாட்டி படுத்திருந்த ஏழு நாள்

சென்ற மாதம் ஒரு கல்யாண விஷயமாகக் காவாந்தண்டலத்துக்குப் போயிருந்தேன். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பந்தலில் நாலு பேர் கூடினால் மழை, ஏரி, நெல் விலை ஆகியவற்றை ஒரு வழியாகப் பேசித் தீர்த்துவிட்டு, அடுத்தபடியாகத் தங்கள் தங்கள் தேக அசௌகரியங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். யார், எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நாள் கிடந்தார் என்பதை அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

என் சிநேகிதரின் பாட்டியாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. மழைக்காலத்தில் மார்ச்சளி முற்றி நிமோனியா ஜுரமாகி, பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்தபடியால் கையிலிருந்து காசு செலவாகவில்லை. பாட்டி பிழைத்து வந்து, கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சந்தோஷமாயிருந்தது.

பாட்டியின் கொள்ளுப் பேரன் காலேஜில் படிக்கிற பையன். அவன் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்து, "மாமா, இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது, பாருங்கள்" என்றான்.

பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. பாட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தது திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்தது வெள்ளிக்கிழமை. இதற்குக் காவாந்தண்டலத்தில் பாதி ஊர் சாட்சி சொல்லும். காகிதத்திலோ பாட்டி ஞாயிற்றுக்கிழமை வரையில் கட்டிலில் படுத்திருந்ததாகவும், மருந்து செலுத்தப்பட்டதாகவும் கண்டிருந்தது. கீழே பாட்டியின் கட்டைவிரல் ரேகை.

"பாட்டி! ஐந்து நாள் இருந்ததற்கு ஏழு நாள் என்று எழுதியிருக்கிறதே?" என்று கேட்டேன்.

"அதனால் நமக்கென்ன தம்பி? நம்மிடம் ஒரு காசு வாங்கினார்களா? இரண்டு நாள் கூட எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும். அந்த டாக்டர் மகராசன் நன்றாயிருக்கட்டும்" என்றார் பாட்டி.

அந்தச் சமயத்தில் எனக்குச் சரியான பதில் தோன்றவில்லை. உத்திரமேரூருக்குப் பஸ் ஏறிய பிறகுதான் "நமக்கென்ன?" என்ற அந்த வார்த்தை மனத்தில் உறுத்த ஆரம்பித்தது. அன்று தோன்றாத பதிலைத்தான் இந்த வாரம் நேயர்கள் முன் வைக்கிறேன்.

பாட்டியின் வைத்தியத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று முதலில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்காக 2009-ஆம் ஆண்டு ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. 2012-ஆம் ஆண்டில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறியது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஆயுஷ்மான் பாரத் என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டுத் திட்டம் அதனுடன் இணைக்கப்பட்டது. இங்கே ஏற்பாடு இதுதான்: அட்டை வைத்திருக்கும் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு இவ்வளவு பிரீமியம் என்று சர்க்கார் இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்குச் செலுத்துகிறது. ஆஸ்பத்திரி அனுப்பும் கிளெய்மைப் பார்த்துக் கம்பெனி பணம் கொடுக்கிறது. வேறு சில மாகாணங்களில் கம்பெனி நடுவில் இல்லாமல் சர்க்காரே நேராகக் கொடுக்கிறது. வழி எதுவானாலும் பணம் புறப்படுகிற இடம் ஒன்றுதான். பாட்டி வாங்கும் தீப்பெட்டியிலிருந்து பேரன் வாங்கும் மோட்டார் சைக்கிள் வரையில் எல்லாவற்றின் மேலும் விழுகிற வரியே அது.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கடையில் நாம் துவரம்பருப்பு வாங்கினால், பருப்பை வாங்குகிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒருவரே. ஆகையால் தராசு முள்ளின் மேல் நமது கண் இருக்கிறது. இங்கேயோ வைத்தியம் பெறுகிறவர் பாட்டி. பில் எழுதுகிறவர் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா. பணம் கொடுக்கிறவர் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர். பாட்டி ஐந்து நாள் படுத்திருந்ததை அந்த உத்தியோகஸ்தர் கண்டாரா? ஏழு நாள் என்று பில்லில் எழுதியிருப்பதைப் பாட்டிதான் கண்டாரா? நிஜம் தெரிந்தவருக்குப் பில் தெரியாது. பில் தெரிந்தவருக்கு நிஜம் தெரியாது. தவறான பட்டுவாடா பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பார்லிமெண்டின் முன் வைத்த அறிக்கை காட்டிற்று. 2018 செப்டம்பர் முதல் 2021 மார்ச் வரையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் நடந்த விதத்தை அவருடைய இலாகா சோதித்தது. ஒன்பது என்ற எண்ணைப் பத்துத் தடவை அடுக்கிய ஒரே டெலிபோன் நம்பரில் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். ஒரே நோயாளி, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே மற்றோர் ஆஸ்பத்திரியிலும் படுத்திருந்ததாகச் சேர்க்கப்பட்ட விந்தை 48,387 பேருடைய கணக்கில் காணப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, முந்திய சிகிச்சையின்போதே இறந்துவிட்டதாகக் குறிக்கப்பட்ட 3,446 பேருக்குப் பின்னும் சிகிச்சை நடந்ததாக 3,903 கிளெய்ம்கள் வந்து, அவற்றுக்காக 6.97 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டிருந்தது. சாவித்திரி ஒரு சத்தியவானைத்தான் மீட்டாள். நமது கம்ப்யூட்டர் ஆயிரக் கணக்கில் மீட்டிருக்கிறது!

சிரிப்பதற்கு முன்னால் சர்க்கார் தரப்புச் சமாதானத்தையும் கேட்பது நியாயம். டெலிபோன் நம்பரைக் கொண்டு யாருக்கும் சிகிச்சை அளிப்பதில்லை. ஆளை அடையாளம் காண ஆதார் முதலிய வேறு வழிகள் இருக்கின்றன என்றார்கள். அவசரக் கேஸ்களிலும், கம்பித் தொடர்பு சரியில்லாத இடங்களிலும், நோயாளியைச் சேர்த்து மூன்று நாள் வரையில் கழித்துக்கூட முன் அனுமதிக்கு விண்ணப்பம் போடலாம் என்று விதி இருக்கிறது. அதற்குள் நோயாளி இறந்துபோனால், செத்தவருக்கு வைத்தியம் பார்த்ததுபோல் கணக்கில் தோன்றும் என்றார்கள். இதிலும் உண்மை இருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சமாதானமே நமது கட்சிக்குச் சாட்சியாகிறது. நேர்மையான கிளெய்மும் பொய்க் கிளெய்மும் ஒரே முகத்துடன் வந்து நிற்கும்படி கணக்கு எழுதப்பட்டால், எது நிஜம், எது பொய் என்று யார் பிரித்துச் சொல்வது?

நம் மாகாணத்தைப் பற்றியும் அதே அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. அது திருட்டுக் கதை அல்ல. ஆகையினாலேயே அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டுத் திட்டத்தின் பயனாளிகள் ஜாபிதாவில் 1,07,040 சர்க்கார் பென்ஷன்காரர்கள் சேர்ந்திருந்தார்கள். பென்ஷன்காரர்களுக்கென்று தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு உண்டு. ஆகவே ஏழைகளின் ஜாபிதாவில் அவர்களுக்கு இடமில்லை. ஆனாலும் பெயர்களை உரிய காலத்தில் நீக்கவில்லை. விளைவாக, அவர்களுக்காக இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்குச் சுமார் 22.44 கோடி ரூபாய் பிரீமியம் போயிற்று. பெயர் ஒன்றுக்குச் சராசரி 2,100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நஷ்டம் ஏற்படுவதற்கு அவர்களில் ஒருவரும் ஆஸ்பத்திரி வாசற்படி ஏறியிருக்க வேண்டியதில்லை. ஜாபிதாவில் பெயர் இருந்தாலே போதும். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் கை நீட்டவில்லை. ஓர் ஆபீஸின் புத்தகமும் இன்னோர் ஆபீஸின் புத்தகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆகையால் தவறான பட்டுவாடா என்றதும் "பிடி, கட்டு, ஜெயிலில் போடு" என்று கிளம்புவது பிசகு. தூக்கக் கலக்கத்தில் குமாஸ்தா ஐந்தை ஏழாக எழுதுவதும் தவறான பட்டுவாடாதான். வேண்டுமென்றே ஏழாக எழுதுவதும் தவறான பட்டுவாடாதான். முன்னதைத் திருத்த வேண்டும். பின்னதைத் தண்டிக்க வேண்டும். இரண்டிலும் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

"பணம்தானே! போனால் போகிறது" என்று சொல்லும் தாராள மனமுடையவர்களுக்கு, குஜராத்தில் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். 2024-ஆம் ஆண்டு நவம்பரில், மேஹ்சானா ஜில்லாவிலுள்ள போரிசானா என்னும் கிராமத்தில் அகமதாபாத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று இலவச வைத்திய முகாம் நடத்திற்று. அங்கிருந்து 19 பேரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று இருதயக் குழாய்ச் சோதனை செய்தார்கள். அவர்களில் 7 பேருக்குக் குழாயை விரிக்கும் சிகிச்சையும் செய்யப்பட்டது. இரண்டு பேர் இறந்து போனார்கள். ஆயுஷ்மான் பாரத் பணத்துக்காகத் தேவையில்லாத சிகிச்சை செய்யப்பட்டது என்று போலீஸார் வழக்குத் தொடர்ந்து, டாக்டர்கள் உள்படப் பலரைக் கைது செய்தார்கள். போரிசானாவும் காவாந்தண்டலத்தைப் போல ஒரு கிராமந்தான். அங்கேயும் பாட்டிகள் இருக்கிறார்கள். இலவசம் என்று சொன்னால் அவர்களும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறுவார்கள். நடக்காத சிகிச்சைக்குப் பணம் வாங்குவது ஒரு விதத் தீமை. பணம் வாங்குவதற்காகவே சிகிச்சையை நடத்துவது அதனினும் கொடிது. முதலாவதில் பறிபோவது பொக்கிஷப் பணம். இரண்டாவதில் பணயமாக வைக்கப்படுவது மனிதரின் இருதயம்.

சர்க்கார் சும்மா இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. மோசடியைத் தடுப்பதற்கென்றே தேசிய சுகாதார ஆணையத்தில் தனிப் பிரிவு இயங்குகிறது. மொத்தம் 6.66 கோடி கிளெய்ம்களில், தனியார் ஆஸ்பத்திரிகள் அனுப்பிய 2.7 லட்சம் கிளெய்ம்கள் ஏற்கத் தகாதவை என்று கண்டதாகவும், அவற்றின் மதிப்பு 562.4 கோடி ரூபாய் என்றும் 2025-ஆம் ஆண்டில் பார்லிமெண்டில் தெரிவித்தார்கள். அதுவரையில் 1,114 ஆஸ்பத்திரிகளின் பெயரை ஜாபிதாவிலிருந்து நீக்கியதாகவும், 1,504 ஆஸ்பத்திரிகளுக்கு 122 கோடி ரூபாய் அபராதம் விதித்ததாகவும் சொன்னார்கள். நல்லது. ஆனால் அபராதம் விதிப்பது வேறு, அது கஜானாவில் வந்து விழுவது வேறு. இந்த வித்தியாசம் வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். முதியவர்களுக்காக அந்தச் சர்க்கார் நடத்தும் மெடிகேர் என்னும் திட்டத்தில், ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர்களுக்கும் நேரடியாகக் கொடுக்கும் பணத்தில் 2024-ஆம் ஆண்டு 7.66 சதவிகிதம், அதாவது சுமார் 3,170 கோடி டாலர், முறைப்படி இல்லாத பட்டுவாடா என்று அவர்களே மதிப்பிட்டார்கள். இதில் பெரும் பகுதி மோசடியன்று. போதிய தஸ்தாவேஜு இல்லாத குறை என்றும் சொன்னார்கள். இந்தத் தொகையை வருஷந்தோறும் கணக்கிட்டுத் தாங்களாகவே ஊரறிய வெளியிடுகிறார்களே, அந்தப் பழக்கம் பாராட்டத்தக்கது. நோயை மறைக்கிறவனுக்கு வைத்தியம் ஏது?

அவர்கள் செய்த மற்றொரு பரீட்சை நமக்கு எச்சரிக்கையாகவும் இருக்கிறது. கொடுத்த பணத்தைச் சோதித்து, கூடுதலாகக் கொடுத்ததை மீட்பதற்கென்று 2005-ஆம் ஆண்டு முதல் தனியார் தணிக்கைக்காரர்களை அமர்த்தினார்கள். மீட்கிற தொகையில் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. கமிஷன் இருந்தால் உற்சாகம் சொல்ல வேண்டுமா? ஆஸ்பத்திரிகள் மேல் ஆட்சேபங்கள் குவிந்தன. ஆஸ்பத்திரிகளும் சளைக்காமல் அப்பீல் மேல் அப்பீல் போட்டன. கடைசியில், 2013-ஆம் ஆண்டு முடிவில், புதிதாக வரும் அப்பீல்களை விசாரணைக்கு எடுத்துக்கொள்வதையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. திருடனைப் பிடிக்கப் போட்ட வேலி வீட்டுக்காரனையே உள்ளே விடாத கதை!

நம் நாட்டிலும் அந்த அபாயம் இல்லாமலில்லை. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹரியானாவில், சர்க்காரிடமிருந்து வர வேண்டிய பாக்கி வந்து சேரவில்லை என்று சொல்லி, தனியார் ஆஸ்பத்திரிகள் பல ஆயுஷ்மான் பாரத் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்தின. தணிக்கை என்ற பெயரால் யோக்கியமான டாக்டரின் பணத்தை மாதக் கணக்கில் முடக்கி வைத்தால், அவர் அடுத்த தடவை அட்டையுடன் வரும் பாட்டியைக் கண்டு "படுக்கை காலியில்லை" என்பார். தணிக்கைக்குத் தப்பிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் அட்டைக்காரர்களை ஆவலுடன் வரவேற்பார்கள். ஆகவே நேர்மையான பில்லுக்கு உடனே பணம், தவறான பில்லுக்கு உடனே கேள்வி என்று இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் நஷ்டம் பாட்டிக்குத்தான்.

இதற்கு வழி என்ன? கம்ப்யூட்டர் சோதிக்கட்டும், கம்பெனி சோதிக்கட்டும், தலைமைத் தணிக்கையாளர் சோதிக்கட்டும். ஆனால் இவர்கள் எல்லோரும் சோதிப்பது காகிதத்தை. ஐந்து நாளா, ஏழு நாளா என்பதை மெய்யாக அறிந்தவர் காவாந்தண்டலத்துத் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. அவருக்குப் புரியாத பாஷையில் எழுதி, கட்டைவிரலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஊருக்குப் பக்கத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் சாசனங்களைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலைத் தேர்தலைப் பற்றி மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அதே சாசனத்தில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுடைய பெயரை மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரைக்கூடக் குடத்தில் இடக்கூடாது என்று விதித்திருப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கணக்கு எழுதியவன் தானே வந்து தன் கணக்கைக் காட்ட வேண்டும். அவனுக்காக இன்னொருவன் வந்து கணக்கை முடிக்கக் கூடாது. சுத்தன் என்று ஏற்பட்ட பிறகே அவனுக்கு மறுபடியும் அந்த உத்தியோகம் என்றும் விதித்தார்கள். அந்தச் சபை நிலமுள்ள பிராமணர்களின் சபை. ஊரில் மற்றவர்களுக்கு அதில் குரலில்லை. அந்தக் குறையை நாம் நீக்கிக்கொண்டு விட்டோம். ஆனால் அவர்கள் கணக்கில் காட்டிய கண்டிப்பை ஏன் கைவிட வேண்டும்?

ஆகையால் நான் சர்க்காரிடம் கேட்பது சின்ன விஷயந்தான். அட்டையின் பேரில் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும், தமிழில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு சீட்டுக் கொடுக்கட்டும். "இன்ன வியாதிக்கு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன சிகிச்சை, உங்கள் பெயரால் சர்க்காரிடம் கேட்டிருக்கும் தொகை இவ்வளவு" என்று அதில் இருந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்துக் காட்டிய பிறகே ரேகை வாங்கட்டும். பத்து நாளைக்குள் தவறு என்று தெரிவித்தால் அபராதமில்லாமல் திருத்திக்கொள்ள ஆஸ்பத்திரிக்கும் இடம் கொடுக்கட்டும். யோக்கியமான ஆஸ்பத்திரிக்கு இதனால் பயமில்லை. மற்றவைகளுக்குப் பயம் இருப்பதே நல்லது.

சர்க்கார் செய்கிறவரையில் நாமும் சும்மாயிருக்க வேண்டியதில்லை. படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில், தங்கள் வீட்டு முதியவர்களின் காகிதத்தை மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்காரரின் காகிதத்தையும் ஒரு தடவை வாசித்துச் சொல்லலாம். தவறு கண்டால் முதலில் ஆஸ்பத்திரியில் மரியாதையாகக் கேட்கலாம். பதில் இல்லாவிட்டால் மத்திய சர்க்கார் திட்டத்துக்கு 14555 என்ற டெலிபோன் நம்பர் இருக்கிறது.

காவாந்தண்டலத்துப் பையன் அப்படித்தான் செய்தான். ஆஸ்பத்திரிக்குப் போய், கோபமாகப் பேசாமல், "எங்கள் பாட்டி வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டாரே?" என்று கேட்டானாம். குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டிலில் இருந்தவரின் தேதியை மாற்றி எழுதிவிட்டதாகச் சொல்லித் திருத்திக் கொடுத்தாராம். அது நிஜமான தவறா, கேள்வி வந்ததால் தவறாகிவிட்டதா என்பது அவருடைய மனச்சாட்சிக்கே வெளிச்சம். இரண்டு நாள் பணம் மிச்சம். அது நமக்குப் போதும்.

விஷயத்தைக் கேட்ட பாட்டி, "அடாடா, அந்த இரண்டு நாளும் நான் இங்கே தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்தேனே! கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே" என்றாராம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்பதற்குத்தான் இன்னும் ஏற்பாடில்லை.